எண் போட்ட 'லிமிட்டெட்' ஜாஸ் தட்டுகள்: காசு கொடுக்கலாமா?

செட்டிபாளையத்தான்:

வணக்கம். ஜாஸ் எல்.பி. இசைத்தட்டு சேர்ப்பவர்கள் இங்கே நாலைந்து பேராவது இருக்கிறீர்கள் என்று தெரியும், அதனால் சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன்.

தட்டு வாங்க ஆரம்பித்து இரண்டரை வருடம் ஆகிறது. இழுத்துவிட்டது ஹார்ப் வாசிக்கிற ஜாஸ் கலைஞர் ஆலிஸ் கோல்ட்ரேன். 1971இல் வந்த 'ஜர்னி இன் சச்சிதானந்தா' என்ற ஆல்பத்தின் பெயரில் இருக்கிற சச்சிதானந்தர் எங்கள் ஊர்க்காரர், கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் பிறந்தவர், 1969இல் வுட்ஸ்டாக் விழாவில் பேசிய அதே சாமியார்தான் என்று ஒருவர் சொன்னார். ஊர்ப் பாசத்தில் கேட்கப் போனேன். தம்புரா சுருதி, அதற்கு அடியில் செசில் மெக்பீயின் பேஸ் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருக்கிறது, அதன்மேல் ஹார்ப், அப்புறம் ஃபரோவா சாண்டர்ஸின் சாக்ஸபோன். அன்று ராத்திரி மூன்று முறை கேட்டேன். இப்போது வீட்டில் 41 தட்டுகள் இருக்கின்றன, ஏறக்குறைய எல்லாமே மறுவெளியீடுகள்.

பிரச்சினை இதுதான். மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஒரு வெளிநாட்டுக் கடையில் இருக்கிறது. ஒவ்வொரு பிரதிக்கும் வரிசை எண் போட்ட பதிப்பு, 200 கிராம் தட்டு, கனத்த பெட்டி. இரண்டுதான் மிச்சம், இனிமேல் வராது என்கிறார்கள். கப்பல் செலவு, சுங்கம் எல்லாம் சேர்த்தால் அந்தப் பணத்துக்குச் சாதாரண மறுவெளியீடு ஏழு வாங்கலாம். என்னிடம் அதே ஆல்பத்தின் சாதாரணப் பதிப்பு ஏற்கெனவே இருக்கிறது, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் 'இனி வராது' என்ற சொல் தூங்கவிட மாட்டேன் என்கிறது.

லிமிட்டெட் என்று போடுவதற்கு உண்மையிலேயே அர்த்தம் உண்டா? ஒலியில் வித்தியாசம் இருக்குமா, இல்லை பெட்டிக்குத்தான் காசா? வாங்கினால் பிரிக்காமல் வைக்க வேண்டும் என்று நண்பன் சொல்கிறான், அது சரியா?


ஊசிமுனை:

தம்பி, வாங்குவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேள்: இது எதனால் லிமிட்டெட்? கடைக்காரர் சொல்லும் பதிலை விட்டுவிடு, நீயே தேடிக் கண்டுபிடி. காரணம் இருந்தால் யோசிக்கலாம். காரணமே இல்லாமல் ஸ்டிக்கர் மட்டும் இருந்தால் கையை எடுத்துவிடு.

காரணம் என்றால் என்ன என்று சொல்கிறேன். சாதாரணமாக ஒரு தட்டு எப்படி உருவாகிறது? டேப்பிலிருந்து லாக்கர் என்ற மெழுகு மாதிரியான தட்டில் பள்ளம் வெட்டுகிறார்கள். அதன்மேல் உலோகம் படியவைத்து ஒரு பிரதி எடுக்கிறார்கள், அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்துதான் அச்சுக்குப் போகிற ஸ்டாம்பர்கள். இப்படி மூன்று படி இருப்பதால் ஒரே லாக்கரிலிருந்து எத்தனையோ ஸ்டாம்பர் எடுக்க முடிகிறது. 'ஒன்-ஸ்டெப்' என்று சொல்லப்படும் பதிப்புகளில் நடுவில் இருக்கும் இரண்டு படிகளையும் எடுத்துவிட்டு, லாக்கரிலிருந்து வந்த முதல் உலோகப் பிரதியையே அச்சில் வைத்துவிடுகிறார்கள். அது தேய்ந்தால் திரும்ப லாக்கர் வெட்டத்தான் வேண்டும். வெட்டுவதற்கு மூல டேப்பைத் திரும்ப ஓட்ட வேண்டும், அறுபது எழுபது வருடப் பழைய டேப்பை எத்தனை தடவை ஓட்டுவது? இந்த மாதிரிப் பதிப்பில் எண்ணிக்கை குறைவு என்றால் நம்பலாம்.

லாக்கர் என்றதும் ஞாபகம் வருகிறது. 2020 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் பானிங் ஊரில் அப்போலோ மாஸ்டர்ஸ் ஆலை எரிந்துபோனது. உலகத்தில் லாக்கர் செய்யும் இடமே அப்போது இரண்டுதான், மிச்சம் இருந்தது ஜப்பானில் ஒன்று. அந்த வாரம் எங்கள் வட்டத்தில் இழவு வீடு மாதிரி இருந்தது. இந்தத் தொழில் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இனி காரணமே இல்லாத லிமிட்டெட். ஐரோப்பாவில் 1962 முடிய வெளிவந்த ஒலிப்பதிவுகளுக்கு உரிமை முடிந்துவிட்டது. அதனால் ஐம்பதுகளின் ஜாஸ் எதை வேண்டுமானாலும் அங்கே யாரும் அச்சடிக்கலாம். மூல டேப் அவர்கள் கையில் இல்லை, சிடியிலிருந்தோ பழைய தட்டிலிருந்தோ எடுத்து, நீலத்திலும் ஆரஞ்சிலும் அழகாக அடித்து, 500 பிரதிகள் மட்டும் என்று ஒட்டி விற்றுவிடலாம். அடுத்த வருடம் பச்சையில் இன்னொரு 500. நானே ஆரம்பத்தில் இப்படி ஐந்தாறு வாங்கியிருக்கிறேன். அதில் ஒரு சானி ராலின்ஸ் தட்டைக் கேட்டால் அடுத்த வீட்டில் வாசிக்கிற மாதிரி இருக்கும்.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? தட்டை எடு. கடைசிப் பாட்டு முடிந்த பிறகு லேபிளுக்கு முன்னால் ஒரு வெற்று வளையம் இருக்கிறதே, டெட் வாக்ஸ் என்பார்கள், அதை டியூப்லைட் வெளிச்சத்தில் சாய்த்துப் பார். வெட்டியவரின் அடையாளம் அங்கே கீறப்பட்டிருக்கும். 'கே.பி.ஜி.' என்றால் கெவின் கிரே, 'பி.ஜி.' என்றால் பெர்னி கிரண்ட்மன், 'ஆர்.கே.எஸ்.' என்றால் ரயன் ஸ்மித். ப்ளூ நோட் என்ற ஜாஸ் நிறுவனத்தின் பழைய தட்டுகளில் ஆர்.வி.ஜி. என்றோ வான் கெல்டர் என்றோ இருக்கும், அது ரூடி வான் கெல்டர். பக்கத்தில் காது மாதிரி ஒரு சின்ன வளைவு தெரிந்தால், அறுபதுகளின் நடுவில் லிபர்ட்டி நிறுவனம் ப்ளூ நோட்டை வாங்குவதற்கு முன்னால் பிளாஸ்டிலைட் ஆலையில் அடித்தது என்று அர்த்தம். எனக்கு அந்தக் காதை முதல்முறை பார்த்தபோது கை நடுங்கியது, சத்தியமாக. உன் 41 தட்டையும் இன்றைக்கே ஒரு சுற்று பார்த்துவிடு. அதில் நீ கற்றுக்கொள்வது எந்தக் கடையும் சொல்லித்தராது.

ஒரு விஷயம் கவனி. கெவின் கிரே வெட்டும், ப்ளூ நோட்டின் டோன் போயட் மறுவெளியீட்டு வரிசை 2019இல் ஆரம்பித்தது, தயாரிப்பு ஜோ ஹார்லி, மூல அனலாக் டேப்பிலிருந்து நேராக வெட்டி, கலிபோர்னியாவின் ஆர்.டி.ஐ. ஆலையில் அச்சு. இவ்வளவும் செய்துவிட்டு அதில் எண்ணே போடுவதில்லை.


மாடிவீட்டு மோனோ:

ஊசிமுனை அண்ணன் சொன்னதோடு நான் சேர்க்க வேண்டியது உரிமம். லிமிட்டெட் என்ற சொல்லை மிக நேர்மையாகப் பயன்படுத்தியது மொசைக் ரெக்கார்ட்ஸ் என்பது என் கட்சி. மைக்கேல் கஸ்கூனாவும் சார்லி லூரியும் சேர்ந்து தொடங்கியது. 1983இல் வந்த முதல் பெட்டி, பியானோ கலைஞர் தெலோனியஸ் மாங்க் ப்ளூ நோட்டுக்காக வாசித்த எல்லாமே நாலு தட்டில், 7,500 பிரதிகள். பெரிய கம்பெனிகளிடமிருந்து இத்தனை பிரதி, இத்தனை காலம் என்று உரிமம் வாங்கி அடிப்பார்கள், அது முடிந்தால் பெட்டியும் முடிந்தது. அடித்தது அவ்வளவுதான் என்றால் அவ்வளவுதான்.

என்னிடம் இருப்பது டீனா ப்ரூக்ஸ் பெட்டி, 1985இல் வந்தது. பழையதாக வாங்கினேன், மூலையெல்லாம் நசுங்கியிருந்தது, அதனால்தான் எனக்குக் கட்டுப்படியான விலையில் கிடைத்தது. டீனா ப்ரூக்ஸ் ஓர் ஆண், டெனர் சாக்ஸபோன்காரர், சின்ன வயதில் பொடியனாக இருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. 1958லிருந்து 1961 வரை ப்ளூ நோட்டுக்குத் தன் பெயரில் நான்கு ஆல்பத்துக்கு வாசித்துக் கொடுத்தார். அவர் உயிரோடு இருந்தபோது வெளிவந்தது ஒன்றே ஒன்று, 'ட்ரூ ப்ளூ'. அடுத்து வர இருந்த 'பேக் டு த ட்ராக்ஸ்' ஆல்பத்துக்கு வெளியீட்டு எண் ஒதுக்கி அட்டைகூட வடிவமைத்துவிட்டார்கள், தட்டு வரவில்லை. 1974இல் 42 வயதில் போய்விட்டார். மூன்று ஆல்பங்கள் பெட்டகத்தில் டேப்பாகவே கிடந்தன. கஸ்கூனா எழுபதுகளின் நடுவில் ப்ளூ நோட் பெட்டகத்துக்குள் போய் ஒவ்வொரு டேப்பாகக் கேட்டுக் குறிப்பெடுக்கவில்லை என்றால் இதெல்லாம் வெளியே வந்திருக்குமா என்று தெரியாது. 2024இல் கஸ்கூனா காலமான செய்தி வந்த அன்று அந்தப் பெட்டியைத்தான் எடுத்து வைத்தேன்.

தட்டு அளவுக்கே ஒரு புத்தகம் உள்ளே இருக்கும். பிரான்சிஸ் வுல்ஃப் எடுத்த கறுப்புவெள்ளைப் படங்கள். ப்ரூக்ஸ் சாக்ஸபோனைப் பிடித்திருக்கும் விரல்களில் வெளிச்சம் விழுந்திருக்கிற ஒரு படத்தை நான் அப்படியே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு பாட்டும் எந்தத் தேதியில் பதிவானது, யார் யார் வாசித்தார்கள், எது அதுவரை வெளிவராதது என்று வரி வரியாக இருக்கும். இந்தப் பெட்டிக்கு நான் கொடுத்த காசு ஒரு ரூபாய்கூட வீண் இல்லை.

ஆகவே செட்டிபாளையத்தாரே, 'கைண்ட் ஆஃப் ப்ளூ' எங்கும் ஓடிப்போகாது. 1959லிருந்து அது கடையில் இல்லாத நாளே கிடையாது, இன்னும் பத்துப் பதிப்பு வரும். ஆனால் ப்ரூக்ஸ் மாதிரி, ஹெர்பி நிக்கல்ஸ் மாதிரி ஆட்களின் தட்டு ஒருமுறை வந்து நின்றுபோனால் திரும்ப எப்போது என்று யாரும் சொல்ல முடியாது. உங்கள் அவசரத்தை அவர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.


பாதரசம்:

நான் கொஞ்சம் மாற்றிப் பேசுகிறேன். மேலே இரண்டு பேரும் சொன்னது சரி, ஆனால் பிடித்த ஆல்பத்தை நல்ல பதிப்பில் வைத்துக்கொள்ள ஆசைப்படுவதில் தப்பே இல்லை. என்னிடம் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஐந்து பதிப்பு இருக்கிறது, ஐந்தையும் கேட்கிறேன்.

இந்த ஆல்பத்தைப் பற்றி ஒன்று தெரிந்தால் பழைய அச்சு, புதிய அச்சு என்ற சண்டையே வேறு மாதிரி தெரியும். 1959 மார்ச் 2ஆம் தேதி முதல் அமர்வு, 'சோ வாட்', 'ஃப்ரெடி ஃப்ரீலோடர்', 'ப்ளூ இன் க்ரீன்' மூன்றும் அன்று பதிவானவை, தட்டின் முதல் பக்கம் முழுக்க அதுதான். அன்று பதிவு செய்த டேப் இயந்திரம் லேசாக மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் என்ன ஆகும்? சுருதி ஏறிவிடும். கால் சுருதி அளவுக்கு ஏறிப்போன அந்தப் பக்கத்தைத்தான் முப்பது வருடத்துக்கு மேல் உலகம் முழுக்கக் கேட்டது. கூடவே வாசித்துப் பழகியவர்கள் தங்கள் வாத்தியத்தைத்தான் சந்தேகப்பட்டிருப்பார்கள். பாதுகாப்புக்காகச் சரியான வேகத்தில் ஓடிய இன்னொரு இயந்திரத்தின் டேப் இருந்தது, அதை வைத்து 1992 மறுவெளியீட்டில்தான் சரிசெய்தார்கள். அதாவது பெரும் தொகை கொடுத்து முதல் அச்சு வாங்குகிறவர் சுருதி ஏறிய பதிப்பை வாங்குகிறார், நீங்கள் வைத்திருக்கும் சாதாரண மறுவெளியீடு பெரும்பாலும் மைல்ஸ் வாசித்த சுருதியிலேயே இருக்கும். சோதித்துப் பார்க்க வீட்டில் ஒரு கீபோர்டு போதும்.

இன்னொன்று, விலையும் எண்ணும் உத்தரவாதம் இல்லை. 2022இல் மொபைல் ஃபிடெலிட்டி என்ற மறுவெளியீட்டு நிறுவனத்தின் விவகாரம் எல்லாருக்கும் நினைவிருக்கும். எண் போட்ட விலை உயர்ந்த தட்டுகள், முழுக்க அனலாக், டிஜிட்டலே கலக்காதது என்று ரசிகர்கள் நம்பி வாங்கினார்கள். ஃபீனிக்ஸில் ஒரு கடைக்காரர் யூடியூபில் கேள்வி எழுப்ப, நடுவில் டி.எஸ்.டி. என்ற டிஜிட்டல் படி இருக்கிறது என்று கடைசியில் நிறுவனமே ஒப்புக்கொண்டது. வழக்கு, சமரசம் எல்லாம் நடந்தது. இதில் நான் எடுத்துக்கொண்டது இரண்டு. அதே தட்டுகளை அதற்கு முன்னால் காதால் கேட்டு ஆகா ஓகோ என்று புகழ்ந்தவர்கள் ஏராளம், எனவே டிஜிட்டல் என்றாலே மட்டம் என்பது பொய். இருந்தாலும் என்ன செய்தோம் என்பதை வாங்குகிறவரிடம் மறைக்கக் கூடாது, அந்தக் கோபம் நியாயமானது. அதற்கப்புறம் பல நிறுவனங்கள் எந்த டேப், எந்த வழி என்று வெளிப்படையாக எழுத ஆரம்பித்தன. எழுதியிருந்தால் படியுங்கள், எழுதவில்லை என்றால் கேளுங்கள்.

பிரிக்காமல் வைப்பது பற்றி: வேண்டாம். பாட்டுக் கேட்கத்தானே வாங்குகிறோம். தட்டு வளைந்திருக்கிறதா, நடுத்துளை தள்ளியிருக்கிறதா என்பதும் பிரித்தால்தான் தெரியும், திருப்பி அனுப்பும் கெடு முடிந்தபின் தெரிந்து என்ன பயன்?


மழைக்கால அலமாரி:

நம் ஊர் வெயிலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. சென்னையில் இருபது வருடமாகத் தட்டு வைத்திருக்கிறேன். சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தாளைப் பிரிக்காமல் விட்டால் சூட்டில் அது இறுகும், இறுகினால் தட்டு வளையும். முதல் வேலையாக அதை எடுத்துவிடுங்கள். படுக்கப் போட்டு அடுக்காதீர்கள், நிறுத்தி வையுங்கள். வெளி உறைக்குப் பி.வி.சி. வேண்டாம், நாளாவட்டத்தில் தட்டின்மேல் பனி படர்ந்த மாதிரி ஒரு படலம் ஏறிவிடும், எதைப் போட்டுத் துடைத்தாலும் போகாது. பாலிப்ரொப்பிலீன் உறை வாங்குங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் அட்டையில் பூஞ்சை வரும். கெட்டியான அட்டைமேல் தாள் ஒட்டிச் செய்கிற டிப்-ஆன் உறைகளில் சீக்கிரம் வரும், அழகு அதிகம் என்றால் கவனிப்பும் அதிகம். சுவரை ஒட்டி அலமாரியை வைக்காமல் நாலு விரல் இடைவெளி விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வெளிநாட்டிலிருந்து வாங்கினால் தட்டை அட்டையிலிருந்து வெளியே எடுத்து, உள்ளுறையோடு பின்னால் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். அப்படியே அனுப்பினால் வழியில் குலுங்கிக் குலுங்கி அட்டையின் ஓரத்தைத் தட்டே கிழித்துவிடும். பிரிக்காத தட்டு என்றால் இதைச் செய்ய மாட்டார்கள், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.


செட்டிபாளையத்தான்:

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பித்து 41 தட்டையும் டியூப்லைட்டில் சாய்த்துப் பார்த்தேன். கே.பி.ஜி. பதினொன்று, ஆர்.கே.எஸ். ஆறு. ஆர்.கே.எஸ். ஆறுமே வெர்வ் அக்கூஸ்டிக் சவுண்ட்ஸ் வரிசை, அதற்கு முன்னால் அதைக் கவனித்ததே இல்லை. மூன்று தட்டின் டெட் வாக்ஸில் அச்சு எண்ணைத் தவிர ஒன்றுமே இல்லை, அந்த மூன்றும் கலர் தட்டு, மூன்றிலும் லிமிட்டெட் ஸ்டிக்கர். ஊசிமுனை அண்ணா, அடுத்த வீட்டில் வாசிக்கிற மாதிரி என்றீர்களே, அப்படியேதான் இருக்கின்றன.

கீபோர்டு சோதனையும் செய்தேன். அக்கா மகளின் சின்ன கீபோர்டுதான். 'சோ வாட்' பேஸ் வரியைக் கூடவே வாசித்தால் அப்படியே பொருந்துகிறது. சரிசெய்த பதிப்புதான் என்னிடம் இருப்பது.

'கைண்ட் ஆஃப் ப்ளூ' பெட்டியை விட்டுவிட்டேன். டீனா ப்ரூக்ஸை நேற்றுவரை கேட்டதில்லை, மாடிவீட்டு மோனோ எழுதியதைப் படித்துவிட்டுத் தேடினால் அவருடைய 'மைனர் மூவ்' டோன் போயட்டில் வந்திருக்கிறது. பெங்களூர்க்காரர் ஒருவர் தன்னிடம் இருந்த பிரதியை விற்கிறார், ஒரே ஒருமுறை கேட்டதாம், விலையும் நியாயம்தான். சொல்லிவைத்திருக்கிறேன். இது வாங்கலாம்தானே?


மாடிவீட்டு மோனோ:

தாராளமாக. 1958 மார்ச், ஹாக்கன்சாக்கில் வான் கெல்டர் வீட்டு ஹாலில் பதிவானது. லீ மார்கன் டிரம்பெட், சானி கிளார்க் பியானோ, டக் வாட்கின்ஸ் பேஸ், ஆர்ட் பிளேக்கி டிரம்ஸ். ப்ரூக்ஸ் தலைமையில் நடந்த முதல் பதிவு. 1980இல் ஜப்பானில்தான் முதன்முதலாகத் தட்டாக வந்தது, அப்போது அவர் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. இரண்டாம் பக்கம் கடைசியில் 'எவ்ரிதிங் ஹேப்பன்ஸ் டு மி' என்று ஒரு மெதுவான பாட்டு, அதை ராத்திரி விளக்கணைத்துவிட்டுக் கேளுங்கள்.


செட்டிபாளையத்தான்:

வந்துவிட்டது. தட்டைத் தனியாக எடுத்து அட்டைக்குப் பின்னால் வைத்துத்தான் அனுப்பியிருந்தார், ஓரம் கொஞ்சமும் கிழியவில்லை. அட்டை நல்ல கனம், விரித்தால் உள்ளே வுல்ஃப் எடுத்த படங்கள். டெட் வாக்ஸில் கே.பி.ஜி. இருக்கிறது.

முதல் பக்கம் முதல் பாட்டு 'நட்வில்'லில் லீ மார்கனின் டிரம்பெட் எவ்வளவு பக்கத்தில் கேட்கிறது! இரண்டாம் பக்கத்தை ராத்திரிக்கு வைத்திருக்கிறேன். 'ட்ரூ ப்ளூ' எந்தப் பதிப்பு தேடலாம் என்று யாராவது சொல்லுங்கள், அவசரம் இல்லை.